பரண் ஏறிய இன்ட்ரெபிட்

இன்று மனைவியிடம் 'முடியாது' என்று சொல்லிவிடுவதென்று முடிவு கட்டிவிட்டேன். என் மாமியார் ஒரு மாதம் தங்க வருகிறாராம். தங்கப்போவது என் அறையில்! என் ஜன்னலோர மேஜை என்ன கதி ஆவது?

தைரியம் கொடுத்தது ஓர் இங்கிலீஷ் வார்த்தை. அச்சகத்தில் அகராதிக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. காலையில் 'இன்ட்ரெபிட்' வந்து மாட்டியது. படித்ததுமே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்த சூட்டோடு ஆரம்பித்தேன்.

"இன்ட்ரெபிட்னா என்னன்னு தெரியுமா?"

"ஏதாவது மாத்திரையா?"

"அஞ்சாதவன்டி! லத்தீன்லேர்ந்து வந்தது. 'ட்ரெபிடஸ்'னா வெலவெலத்துப் போனவன். முன்னாடி ஒரு 'இன்' போட்டா, வெலவெலக்காதவன்."

"அடேயப்பா! யாரை அப்படிச் சொல்வாங்க?"

"யாரும் போகாத இடத்துக்குத் துணிஞ்சு போறவனை. மலை ஏறுறவன், கடலுக்கடியில போறவன்... இனிமே நானும்."

கேலியாகவும் சொல்வதுண்டு என்று அகராதியில் பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"நீங்களா? பரண்ல எலி இருக்குன்னு ஏணியைக்கூடத் தொட மாட்டீங்களே!"

"யாரு, நானா? எடு ஏணியை!"

ஏறினேன். படிக்குப் படி 'இன்ட்ரெபிட், இன்ட்ரெபிட்' என்று முணுமுணுத்துக்கொண்டேன். மேலே எலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒட்டடையும் ஒரு சுருட்டின மெத்தையும்தான்.

"எலி ஓடிப்போச்சு!" என்று கர்ஜித்தேன்.

"உங்களைப் பார்த்துட்டா நிக்குமா? ஏறினது ஏறினீங்க, அந்த மெத்தையைக் கீழ தள்ளுங்க. வெயில்ல காயட்டும்."

ஒரே உதை. பொத்தென்று விழுந்தது. இறங்கியதும் அவள் என் தலையிலிருந்த ஒட்டடையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "நிஜமாவே பயப்படலையே நீங்க!" என்றாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை. சத்தியமாக உருகிப்போனேன்.

அந்த உருக்கத்திலேயே மெத்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாடியே போனேன். என் மேஜையை ஓரமாக நகர்த்திவிட்டு அங்கே விரிக்கச் சொன்னாள்.

"இங்க எதுக்கு?"

"அம்மாவுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் 'படுக்க மெத்தை இல்ல, பரண்ல எலி'ன்னு சொல்லித்தானே தட்டிக் கழிச்சீங்க? இப்ப மெத்தையும் வந்தாச்சு, எலியும் போயாச்சு." தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே கேட்டாள். "ஆமா, வரும்போதே ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னது?"

"அத்தை பஸ் எத்தனை மணிக்கு வருது?" என்றேன்.