மஞ்சள் தண்ணீர்ச் சித்தரும் துணைப்பாடமும்

1979 ஜூன் மாதம், புனே பக்கத்துக் கட்கி கடைத்தெருவில் ரேஷன் கடையை விட நீளமாக ஒரு வரிசை நின்றது. சீமெண்ணெய்க்கு அல்ல, ஞானத்துக்கு. கல்விச் சித்தர் வந்திருந்தார்! பொருளாதாரம் எடுத்த பிள்ளை துணைப்பாடமாக எதை எடுத்தால் பெரிய உத்தியோகம் என்று வெற்றுத் தாளில் எழுத்தை வரவழைத்துக் காட்டுவாராம். கல்லூரி வாத்தியாரைக் கேட்கலாமே என்கிறீர்களா? அவர் காவி கட்டவில்லையே, எப்படி நம்புவது?

சித்தர் போன வருஷம் வரை தளேகாவில் குடை ரிப்பேர் பார்த்தவர். ஞானம் எந்த ஓட்டை வழியாக இறங்கியதோ, தெரியாது.

வரிசையில் மனுவேலும் மகள் ஈனிட்டும் நின்றார்கள். மனுவேல் தோட்டாத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இங்கே வந்தது ஆண்டவருக்குத் தெரியாது என்று நினைப்பு. ஈனிட் கணக்கில் கெட்டி. பொருளாதாரத்தோடு புள்ளியியல் படிக்க ஆசை. விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். தாளில் எது வருகிறதோ அதற்குத்தான் கையெழுத்து என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவர்கள் முறை வந்தது. சித்தர் பெண்ணின் பெயரைச் சொல்லி, தாள் கட்டு ஒன்றிலிருந்து ஒரு தாளை உருவி, ஊதி, மஞ்சள் தண்ணீரில் முக்கினார். மஞ்சள் ஏறிய தாளில் வெள்ளையாக எழுத்து எழுந்தது: ஜாகிரபி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கசார்வாடியில் ஜாகிரபி டியூஷன் நடத்துகிறவரின் விலாசத்தையும் சித்தர் அருளினார். அந்த ஆள் தம்முடைய மச்சான் என்பதை மட்டும் அருளவில்லை.

முன்னால் போன பத்தொன்பது பேரையும் ஈனிட் விசாரித்து வைத்திருந்தாள். எல்லாருக்கும் அதே பாடம். அதைச் சொன்னதும், இந்த வருஷக் கிரகம் அப்படி என்றார் அப்பா.

"பேக்டரில பெட்டிக்குப் பத்துத் தோட்டா எடுத்துச் சுட்டுப் பாத்துட்டுத்தானே பாஸ் போடுவீங்க, அப்பா? இந்தக் கட்டுலயும் பத்து எடுத்துப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் போயிற்று. மேலே மூன்று, நடுவே நாலு, அடியில் மூன்று. தீட்டு, தீட்டு என்று சித்தர் கூவினார். மனுவேல் பெயர் சொல்லாமல், ஊதாமல், பத்தையும் முக்கினார். பத்திலும் ஜாகிரபி! எழுத்தை நகத்தால் சுரண்டினார். மெழுகு வந்தது. மெழுகுவத்தியால் எழுதிய இடத்தில் மஞ்சள் எப்படி ஏறும்?

"இதெல்லாம் யாரோட விதி, சாமி?"

பின்னால் நிற்கிறவர்களுடையது என்றார் சித்தர். அடுத்து நின்ற சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அரே, நான் காணாமப்போன சைக்கிளப் பத்திக் கேக்கத்தானே வந்தேன். அதுக்கும் ஜாகிரபியா?"

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் சித்தர் லோக்கல் ரயிலைப் பிடித்துவிட்டார்.

"பெட்டியே ரிஜெக்ட்," என்றார் மனுவேல். முழங்காலில் விண்ணப்பத்தை வைத்து, புள்ளியியல் என்று மகள் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டார். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

எவனையோ சுடப்போகிற தோட்டாவைச் சோதிக்காமல் வெளியே விடமாட்டோம். பெற்ற பிள்ளையின் படிப்பை மட்டும் மஞ்சள் தண்ணீரில் முக்கிவிடுவோம். கொஞ்சம் யோசியுங்கள் ஐயா, அதற்குத் தட்சணை கிடையாது!