மேல்மாடியை விடமாட்டேன்!

இந்தக் கோடையில் ஒரு வெளியூர்க்காரன் என் வாசப்படியை மிதித்தால் நான் கிரேக்கத்து மானிக்காரனே இல்லை!

பின்னே? கடலையும் மொட்டைப் பாறையையும் பார்க்க வருகிறார்கள், பார்க்கட்டும். துருக்கிப் படையையே உள்ளே விடாத எங்கள் கல்கோபுர வீட்டை எதற்கு எட்டிப் பார்ப்பது? என் பெண்டாட்டி கனேலாவோ ஒரு ஹாலந்து ஜோடியைத் தங்க வைக்கத் துடித்தாள். அதுவும் மேல்மாடியில்! கடல்காற்றில் என் கட்டில் கிடக்கும் மேல்மாடியில்!

"ஒரே வாரம்யா. உன் மூஞ்சியவே எத்தனை நாள் பாக்கறது?"

"என் பொணம்தான்டி அங்கேயிருந்து இறங்கும்."

"அதுக்கு இன்னும் எத்தனை நாளாகுமோ!"

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் ஊரில் வீட்டுக்காரன் கையால் ஒரு வாய் சாப்பிட்டவன் விருந்தாளி. எதிரியே ஆனாலும் விரட்ட முடியாது, இருப்பதிலேயே நல்ல படுக்கையைக் கொடுக்க வேண்டும். இவள் என் பெயரில் எதையும் நீட்டிவிடக் கூடாதே என்று சாப்பாட்டு அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் படகுக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பினால், முற்றத்தில் அந்த ஜோடி. வாய் நிறையக் கறி!

"யாருடி கொடுத்தது?"

"கத்தாத. பக்கத்து வீட்டு சரந்தோஸ் குடுத்த, புகைபோட்ட பன்னிக்கறி."

"தின்னுட்டுக் கிளம்பச் சொல்லு!"

அவர்கள் பேச்சு அவளுக்குத்தான் புரியும். ஏதோ கேட்டாள். சிரித்தார்கள்.

"கிளம்பறாங்களாம். ஆனா இந்தக் கரையிலயே இதுக்கு மிஞ்சின கறி இல்லையாம்."

"அந்தப் பயலோடதா? உடைஞ்ச நாற்காலிய எரிச்சுப் புகைபோடறவன்டி அவன்!"

"உன்னோடதும் சுமாரா இருக்கும்னேன். அதுக்குத்தான் சிரிக்கிறாங்க."

சுமாரா! சாவியைப் பிடுங்கினேன். அலமாரியைத் திறந்தேன். ஆரஞ்சுத் தோல் போட்டு நானே பக்குவம் செய்த கறியில் நாலு துண்டு வெட்டினேன்.

"இதைத் தின்னு பாருங்கடா! இதுக்குப் பேருதான் கறி!"

ஆளுக்கு ஒரு துண்டை வாயிலேயே திணித்தேன். கண்ணை மூடி மென்றார்கள். அந்தம்மா இன்னொன்று என்று விரல் காட்டினாள். கொடுத்தேன்.

"எப்படி? சரந்தோஸாம் சரந்தோஸ்!" என்று மார்தட்டினேன்.

கனேலா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கையாலயே சாப்பிட்டுட்டாங்க. மேல கூட்டிட்டுப் போகட்டா?"

பாழாய்ப்போன கறி!

"அப்ப நான் எங்கடி படுக்கறது?"

"ஆட்டுக் கொட்டகையில. உன் தலகாணிய காலையிலயே போட்டு வச்சுட்டேன்."