ரெண்டு நண்டு, மூணு கூடை

வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். (ஒரு தடவையோடு நிற்காது.) அப்படிப்பட்டவன்தான் ஒரு கேமராவை அணைக்காமல் விட்டு, மானத்தைப் பழவேற்காடு ஏரியில் கரைத்தேன்.

படிப்புக்கு ஒன்பதாவதிலேயே முழுக்கு. அந்த ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் நானும் மனைவி செல்வியும் நண்டு வாங்கி விற்கிறோம். யூடியூப் பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்று, சென்னை ஓட்டல்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே நண்டை வீடியோவில் பார்த்து, பேசி வாங்க ஒரு வெப்சைட் செய்தேன். பேசி முடித்ததும் அழுத்த, "முடி" என்று ஒரு பட்டன்.

அதில் முதலில் பார்க்க வந்தது ஒரு ஓட்டல்காரம்மா. பிடித்துப்போனால் தினமும் எங்களிடமே எடுப்பார். அன்றைக்குப் பார்த்து, பெரிய சேற்று நண்டு இரண்டுதான் கிடைத்திருந்தது. இரண்டைக் காட்டினால் எழுந்து போய்விடுவாரே!

முதல் கூடையைக் காட்டினேன். லேப்டாப்பை நான் மெதுவாக நகர்த்துவதற்குள், அதே இரண்டையும் செல்வி அடுத்த கூடைக்கு மாற்றினாள். அப்புறம் மூன்றாவதுக்கு.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றார் அம்மா. "முடி"யை அழுத்தினேன். படம் மறைந்தது.

"இன்னாயா, கேமராகிட்ட பச்சை லைட்டு இன்னும் எரியுது?" என்றாள் செல்வி.

"சூடு ஆறுது" என்றேன். (எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய இடத்தில் விஞ்ஞானி ஆனேன்.) லுங்கியை மடித்துக் கட்டி ஓர் ஆட்டம் போட்டேன். "ரெண்டு நண்டு, மூணு கூடை! அந்தம்மாவுக்குத் தெரியவேல்ல!"

"தெரிஞ்சுது தம்பி" என்றது லேப்டாப். "மூணாவது கூடையில அதுங்களுக்கே மயக்கம் வந்துடுச்சு."

செல்வி சட்டென்று ஈரச் சாக்கை எடுத்து லேப்டாப் மேல் போட்டாள்.

"சாக்கு போட்டாலும் கேக்குதும்மா" என்றது உள்ளிருந்து.

அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கூடை மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் நண்டு அடங்கிவிடும். புரோகிராமிலும் நான் அதையேதான் செய்திருந்தேன்: படத்தை மறைத்தால் கேமராவும் அடங்கிவிடும் என்று. அது நண்டு இல்லையே! படம் ஓட ஒரு டிராக், குரல் ஓட ஒரு டிராக். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக "ஸ்டாப்" சொன்னால்தான் கேமராவும் மைக்கும் பிடியை விடும். நான் அதையும் சொல்லவில்லை, அழைப்பையும் துண்டிக்கவில்லை. பட்டனில் எழுதியது "முடி". உள்ளே எழுதியது "மூடு".

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அந்த அம்மாவே போன் செய்தார்.

"அந்த ரெண்டையும் அனுப்பிவை தம்பி. பாவம், ரொம்ப அலைஞ்சிருக்குங்க."

இன்றும் தினமும் எங்களிடம்தான் எடுக்கிறார். "இன்னிக்கு எத்தனை நண்டு? கூடைக் கணக்கு வேணாம்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சண்டை போட்டுவிட்டு நான் உம்மென்று உட்கார்ந்தால் போதும், செல்வி வந்து முகத்தை உற்றுப் பார்ப்பாள்.

"இன்னாயா, முடிச்சியா, மூடுனியா?"

பதில் சொல்வதற்கு முன்னால், லேப்டாப்பில் லைட் எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.