ரெக்கார்டில் உள்ள முழங்கால்

"முழங்கால் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் அதிகாரி.

"முழங்காலுக்கு என்ன சார், அது பாட்டுக்கு நல்லா இருக்கு. கைதான் போச்சு" என்று வலது கைக் கட்டைத் தூக்கிக் காட்டினார் கத்திரிக்காரர்.

சலூன் வைத்திருப்பவருக்குத் தெரு வைத்த பெயர் அது. போன மாதம் அவர் ஏறிப்போன வாடகைக் கார் எதிரே வந்த காரோடு மோதியதில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி கத்திரி பிடிக்க முடியும். இன்சூரன்ஸ் மனசு வைத்தால்தான் ஆபரேஷன்.

அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆஸ்பத்திரி ரெக்கார்டில் அவர் பெயர், வயது, விலாசம் எல்லாம் சுத்தமாக இருந்தன. அதன் கீழே, 'இடது முழங்காலில் எலும்பு முறிவு. மற்ற உறுப்புகள் நலம்.'

"சார், உங்க கண்ணு முன்னாடிதானே கட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்?"

"நீங்க நிக்கிறதை நான் ஃபைல்ல வைக்க முடியுமா? ஆஸ்பத்திரியில போய்த் திருத்திட்டு வாங்க."

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை குமாஸ்தா நல்ல மனுஷர். வினையே அதுதான்.

"எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. வேணும்னா சேர்த்து எழுதலாம்" என்று முழங்காலுக்குக் கீழே மணிக்கட்டையும் எழுதி, அன்றைய தேதி போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் அதிகாரி அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"விபத்து போன மாசம். மணிக்கட்டு நேத்து உடைஞ்சிருக்கு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்களா?"

கத்திரிக்காரர் குமாஸ்தாவிடம் திரும்பி ஓடினார். குமாஸ்தா வெகுநேரம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தார்: 'மேற்படி மணிக்கட்டு, நோயாளி சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.'

"அப்ப மணிக்கட்டு வெறும் வாய்ப்பேச்சு" என்றார் அதிகாரி. "மிச்சம் இருக்கிறது முழங்கால்தான். அதுக்கு வேணா டாக்டர் பரிசோதனைக்கு வாங்க."

வீட்டில் மச்சினன் ஒரு வழி சொன்னான். "ரெக்கார்டை மாத்த முடியலைன்னா ஆளை மாத்திடலாம் மாமா. காலுக்குப் பணம் வாங்கி, கைக்குச் செலவு பண்ணுங்க. யார் கேக்கப் போறா?"

"நீ சும்மா இருடா. இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, மாட்டிக்குவாரு" என்று தம்பியை அதட்டினாள் அவர் மனைவி. ஆனால் மறுநாள் காலையில் அவளேதான் வாத்தியார்.

"வலது காலை ஏங்க இழுக்கிறீங்க? உங்களுக்கு அடிபட்டது இடது காலு. இதைக்கூட ஞாபகம் வச்சுக்க மாட்டீங்களா?"

இன்சூரன்ஸ் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போகும்போது கைக்கட்டை அவிழ்த்து வீட்டில் வைத்தார்கள். முழங்காலில் அதைவிடப் பெரிய கட்டு ஏறியது. அங்கே கட்டிலில் ஏறப் பழக்கதோஷத்தில் வலது கையை ஊன்றினார் கத்திரிக்காரர். உயிர் போய் வந்தது. அலறிய அலறலில் டாக்டரே ஓர் அடி பின்வாங்கினார்.

"காலைத் தொடறதுக்கு முன்னாடியே இவ்வளவு வலியா? பாவம்" என்று மளமளவென்று எழுதினார்.

பக்கத்தில் நின்றிருந்த அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "பாஸ் ஆயிடுச்சு. நாளைக்குக் காலையில வந்து படுத்துடுங்க."

"எங்க சார் படுக்கணும்?"

"ஆபரேஷனுக்குத்தான். பணம் உங்ககிட்ட வராது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டிடுவோம். முழங்காலைத் திறந்து சரி பண்ணிடுவாங்க."

கத்திரிக்காரர் கட்டிலை விட்டுக் குதித்து இறங்கினார். "சார், சத்தியமா கால்ல ஒண்ணும் இல்லை. எல்லாம் நடிப்பு."

"ஆபரேஷன்னு சொன்னதும் எல்லாருக்கும் இப்படித்தான் குணமாயிடும்" என்றார் டாக்டர்.

கத்திரிக்காரர் முழங்கால் கட்டைப் பிய்த்து எறிந்தார். உட்கார்ந்து எழுந்தார். கட்டிலைச் சுற்றி ஓடினார்.

"பாருங்க, பயத்துல வலியே தெரியலை. தள்ளிப் போடக் கூடாது, இன்னைக்கே சேர்த்துடுங்க" என்றார் டாக்டர்.

கத்திரிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல காலை அறுத்துவிட்டுக் கெட்ட கையோடு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். சலூனை மூடவேண்டியதுதான்.

அப்போது கதவைத் திறந்து உதவியாள் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த ஆளை அனுப்பட்டுமா சார்? அதே விபத்துல எதிர் கார்ல வந்தவரு. ரெக்கார்டுல வலது மணிக்கட்டுன்னு இருக்கு, கையிலயும் பெரிய கட்டுத்தான் போட்டிருக்காரு. ஆனா என்னமோ தெரியலை, நொண்டாம நடந்து காட்டத்தான் மனுஷன் படாத பாடு படறாரு."