ஒரு கிலோ பச்சையரிசியும் தொப்பி போட்ட பூசணிக்காயும்

இண்டைக்குக் காலமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஒரு கிலோ பச்சையரிசி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகவேணும்.

விஜயதசமி. என்ரை மூண்டு வயசு மகள் யாழினிக்கு ஏடு தொடக்கிற நாள். ஐயருக்குப் பக்கத்தில இருந்து அரிசியில 'அ' எழுதவேணும். நல்ல நேரம் ஒன்பதே முக்காலோட முடியுது.

மனுசி வதனி வெள்ளனவே பூத்தட்டோட கோயிலுக்குப் போயிட்டா. பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, கூட்டிக்கொண்டு வாறது என்ரை பொறுப்பு.

போகேக்க ஒண்டுதான் சொன்னவா. "அரிசியை வாங்கிக்கொண்டு நேர வாங்கோ. கடையில நிண்டு வாய் காட்டாதேங்கோ."

அவாவுக்கு என்னைத் தெரியும். இடம்பெயர்ந்த காலத்தில எட்டாம் வகுப்போட படிப்பு நிண்டு, சந்தையில மூட்டை தூக்கி, பேரம் பேசிப் பேசியே ஒரு ஓட்டோ வாங்கின ஆள் நான். இப்ப முப்பத்திரண்டு வயசில ஓ.எல். சோதினைக்குப் படிக்கிறன். ஓட்டோவில முன்னுக்குப் பிள்ளையார் படம், அதுக்குக் கீழ கணக்குச் சூத்திரம். ரெண்டையும் கும்பிட்டுத்தான் ஸ்ராட் பண்ணுறது.

எனக்குப் பிந்தினது என்ரை பிள்ளைக்கு ஒரு நிமிசமும் பிந்தக்கூடாது. அதில எனக்கு ஒரு வெறி.

இன்னொண்டு. நவராத்திரி ஒன்பது நாளும் கோபப்படுறேல்ல எண்டு அம்மாளுக்கு நேர்ந்திருந்தனான். காத்தனான்! ஒருத்தன் ஓட்டோவைக் கொண்டந்து இடிச்சதுக்கும் சிரிச்சனான்.

இண்டைக்குப் பத்தாம் நாள்.

நேற்று விசுவமடுவில வாங்கின பூசணிக்காய் பின் சீற்றில மிச்சம் கிடந்தது. மகள் ஏறி, தன்ரை மஞ்சள் தொப்பியைக் கழட்டி, பெரிய காய் ஒண்டுக்குப் போட்டுவிட்டா.

"ஏன் குஞ்சு?"

"அதுக்கு வெயில் அப்பா."

பரந்தன் சந்தியில நானாவின்ரை கடை. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனுசன், நல்ல பழக்கம். மகளைத் தூக்கி அரிசிச் சாக்கில இருத்தி, கையில ஒரு பிஸ்கட்டும் குடுத்தார்.

விலையைச் சொன்னார். எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது.

"என்ன நானா, போன கிழமையை விட இருபது ரூபா கூட?"

"பூசைக் காலம் தம்பி. எல்லா இடமும் கூடத்தான்."

"சரசுவதிக்கு வைக்கிற அரிசியிலையுமோ லாபம் பாக்கிறியள்?"

"சரசுவதிக்கு வைக்கிற அரிசிக்குமோ தம்பி பேரம் பேசுறீர்?"

கடையில நிண்ட சனம் கொல்லெண்டு சிரிச்சுது. அவ்வளவுதான்! ஒன்பது நாள் அடக்கினதெல்லாம் ஒண்டா வந்துது.

"உங்கடை அரிசியை நீங்களே வைச்சுக் காய்ச்சுங்கோ!"

விறுக்கெண்டு வெளிய வந்திட்டன்.

பேரத்தில இது ஒரு முறை. வெளிய நடக்கவேணும். பின்னால இருந்து கூப்பிடுவினம். முதல்தரம் கூப்பிட்டதுக்குத் திரும்பினா நீங்கள் தோற்ற ஆள். ரெண்டாவதுக்கும் திரும்பக்கூடாது. பதினைஞ்சு வருசமா நான் இதில தோற்றதே இல்லை.

"தம்பி!" எண்டார் நானா.

உள்ளுக்குள்ள சிரிச்சனான்.

"தம்பி, நில்லும்!"

ஓட்டோவை ஸ்ராட் பண்ணினன். மூண்டாந்தரம் கூப்பிட்டது எஞ்சின் சத்தத்தில கேக்கேல்ல. கிடக்கட்டும், கோயிலடியிலயும் கடை இருக்குதுதானே.

கொஞ்சத்தூரம் போக போன் அடிச்சுது. நானா! கட் பண்ணினன். இப்ப பத்து ரூபா குறைஞ்சிருக்கும்.

திருப்பி அடிச்சுது. கட். இருபதும் குறைஞ்சிருக்கும்.

மூண்டாந்தரமும் அடிச்சுது. இனி மனுசன் சும்மாவே தரப்போறார் எண்டு போனையே நிப்பாட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டன்.

கண்ணாடியில பாத்தன். மஞ்சள் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"குஞ்சு, 'அ' எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சத்தமில்லை.

"கடையில அப்பா கத்தினது கோபமோ? அது கோபமில்லையம்மா, வியாபாரம்."

அதுக்கும் சத்தமில்லை. தாயின்ரை குணம்! கோபம் வந்தா வாய் திறக்கமாட்டா. கோயில் வாசல் வரைக்கும் நான்தான் 'அ'விலயிருந்து 'ஔ' வரைக்கும் சொல்லிக்கொண்டு போனனான். இவ்வளவு பொறுமையான பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்!

வாசலில வதனி. "பிள்ளை எங்கை?"

"பின்னால. கோபத்தில இருக்கிறா."

வதனி குனிஞ்சு தொப்பியைத் தூக்கினா.

பூசணிக்காய் என்னைப் பாத்துது. வதனியும் பாத்தா. ரெண்டில பூசணிக்காயின்ரை பார்வைதான் கொஞ்சம் இரக்கமானது.

நேரம் ஒன்பது இருபத்தைஞ்சு. ஓட்டோவைத் திருப்பின வேகத்தில ரெண்டு பூசணிக்காய் றோட்டில உருண்டுது. நிக்கேல்ல. பிள்ளையாரே, பிள்ளையைக் காப்பாத்து! இருபது ரூபாய்க்குப் பெத்த பிள்ளையை விட்டிட்டு வந்த தகப்பன் ஊரில வேற ஆரும் இருக்கோ?

கடைக்குள்ள விழுந்தடிச்சு ஓடினன். மகள் அதே சாக்கில, ஒரு ராசாத்தி மாதிரி. ரெண்டாவது பிஸ்கட். ஒரு விரலால அரிசிக்குள்ள கோடு கீறிக்கொண்டிருந்தா. சுத்திவர சனம்.

தூக்கி நெஞ்சோட அணைச்சன். அவா பிஸ்கட்டைத்தான் காப்பாத்தினா.

நானா ஒரு பையை நீட்டினார். அரிசி, ஏற்கனவே நிறுத்துக் கட்டி வைச்சிருந்தவர்.

"நான் விலை குறைக்கக் கூப்பிடேல்ல தம்பி. ஒரு சாமான் மறந்துபோட்டீர் எண்டு சொல்லத்தான் கூப்பிட்டனான்."

சொன்ன விலையைக் குடுத்தன். வாழ்க்கையில முதல்தரம், வாய் திறக்காமல்.

கோயிலுக்குத் திரும்பி வர ஒன்பது நாப்பத்தெட்டு. மூண்டு நிமிசம் பிந்திப்போச்சு! எனக்கு அழுகை வந்திட்டுது.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிசம் கூட்டித் தாங்கோ."

ஐயர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "நல்ல நேரத்துக்குமோ பேரம்? பிள்ளையை இருத்தும். அம்மாள் மணிக்கூடு கட்டிக்கொண்டு நிக்கிறேல்ல."

தாம்பாளத்தில அரிசியைக் கொட்டினம். ஐயர் மகளின்ரை விரலைப் பிடிச்சார். வதனி கண்ணைத் துடைச்சா. நானும்தான்.

"சொல்லுங்கோ அம்மா, 'அ'..."

மகள் அரிசியைப் பாத்தா. பிறகு ஐயரை நிமிர்ந்து பாத்தா. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணீரெண்டு கேட்டா.

"என்ன, இருபது ரூபா கூட?"

ஏடு இண்டைக்குத்தான் தொடக்கினது. படிப்பு எப்பவோ தொடங்கிட்டுது.