கார்டு இல்லாமலே நூற்று நாற்பது

வேக மாஸ்டரின் கடை மாடியில் இருந்தது. கீழ்ப்படி வரைக்கும் கூட்டம். ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் போலத் தடவிக்கொண்டிருந்தார்கள். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு பழசு. கேம் திக்கித் திணறுகிறது. மாஸ்டர் கை வைத்தால் பறக்குமாம். எல்லாரும் படித்தவர்கள். ஜோசியம் என்றாலே விழுந்து விழுந்து சிரிப்பவர்கள்.

மாஸ்டர் கண்ணை மூடிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். உள்ளே ஓட்டம் சோர்ந்துவிட்டது என்பார். வெள்ளி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். போகிற போக்கில் ஒரு பென் டிரைவையும் செருகி எடுப்பார். அவ்வளவுதான். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரை மூலையில் காட்டும் எண், முப்பதிலிருந்து நூற்று நாற்பதுக்குத் தாவும்.

ஒரே நிபந்தனை, பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடாது. திறந்தால் சக்தி ஓடிவிடும். காற்றுக்காகப் பெட்டியில் வைத்திருக்கும் ஓட்டைகள் மட்டும் அந்தச் சக்தியின் கண்ணுக்குத் தெரியாது போலும்!

கூட்டத்தில் ஒரு தம்பியும் இருந்தான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கேம் குழுவின் தேர்வு ஆட்டம். திணறினால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவார்கள். சைக்கிளை விற்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் ஆடினால் பழைய குருடி கதவைத் திறடி. எதிரி சுட்டு முடித்த பிறகுதான் இவன் திரையில் எதிரியே வருகிறான். ஆனால் மூலையில் நூற்று நாற்பது.

"நம்பர் பொய் சொல்லுமாக்கா? என் கண்ணுலதான் ஏதோ கோளாறு" என்றவன், கண் டாக்டரிடம் நேரமும் கேட்டுவிட்டான்.

அதே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடும் அவன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கத்தக் கத்த மூடியைத் திறந்தாள். சக்தி எதுவும் ஓடவில்லை. தூசிதான் கொட்டியது.

மறுநாள் இருவரும் பெட்டியோடு மாடி ஏறினார்கள். எல்லார் முன்னாலும் அக்கா கேமை ஓட்டினாள். படம் நொண்டியது. படத்தை யார் பார்த்தார்கள்? மூலையில் நூற்று நாற்பது. கைதட்டல்.

அக்கா பைக்குள் கைவிட்டுக் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கார்டு இங்க இருக்கு. பெட்டிக்குள்ள இல்ல. கம்ப்யூட்டரோட கூடப் பிறந்த சின்னச் சில்லுதான் இப்படி நொண்டி நொண்டிப் படம் காட்டுது."

மாஸ்டர் அசரவில்லை. "என் சக்திக்குக் கார்டே வேணாம்மா."

இதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எரிச்சலோடு அக்கா கேமையே மூடினாள். வெறும் திரை. மூலையில் நூற்று நாற்பது.

"இப்ப எந்தப் படம் ஓடுது மாஸ்டர்? உங்க பென் டிரைவ் ஏத்தின நம்பர்தானே இது?"

மாஸ்டருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததாக யாருக்கும் நினைவில்லை. பின்பக்கப் படியில் இறங்கியவர் திரும்பவில்லை.

அக்கா பென் டிரைவ் ஏற்றியதை அழித்து, பெட்டிக்குள் இருக்கும் விசிறியின் தூசியைத் தூரிகையால் தட்டி, கார்டை மாட்டி, கேமில் நிழல்களையும் புகையையும் குறைத்து வைத்தாள். எண் அறுபது காட்டியது. அந்த அறுபது உண்மை. தம்பி குழுவில் தங்கிவிட்டான். பயிற்சிக்கு நடந்தே போகிறான்.

படிக்கட்டில் ஒருவர் மட்டும் இன்னும் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். இருநூறு காட்டும் ஸ்டிக்கர் வருமா என்று கேட்கிறார். ஐயா, திறக்காதே என்று ஒருவன் சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.