சத்தம் போன பரிசுத்த வாரம்

குருநகர்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள லெனாட் அண்ணைக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டரை. கடிதம் நோர்வேக்கு வந்து சேர மூன்று கிழமை பிடிக்கும், நீ எத்தனை மணிக்கு எழுதினால் அந்த மனுசனுக்கு என்ன என்று இவர் கேட்கிறார். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். பிள்ளை கண்ணயர்ந்த பிறகுதான் என் கை இரண்டும் எனக்குச் சொந்தம், அதனால்தான் இந்த நேரம். இங்கே நான், இவர், மாமி, நாலு மாதச் சின்னவள் எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீங்கள் அனுப்பிய லப்டொப்பும் இன்று பின்னேரம் நாலு மணியிலிருந்து பூரண சுகம். உங்களுடைய சுகத்தையும் மச்சாளுடைய சுகத்தையும் விசாரிக்கத்தான் எனக்கு முகமில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் குருத்தோலை ஞாயிறன்று தொடங்கியது. பூசை முடிந்து வந்த மாமி, மந்திரித்த ஓலையில் விரல் நீளத்துக்குப் பதினாறு சிலுவை பின்னி, வீட்டில் அகப்பட்டதிலெல்லாம் செருகிக்கொண்டு வந்தார். சுவாமிப் படத்துக்கு ஒன்று, அரிசி வாளிக்கு ஒன்று, பிள்ளையின் ஏணைக்கு ஒன்று, இவர் திருத்துவதற்காகக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டிருந்த யாரோ ஒருவருடைய வள்ளத்து எஞ்சினுக்கும் ஒன்று. கடைசியில் லப்டொப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தூர தேசத்திலையிருந்து வந்த சாமான், பிள்ளை. கண்ணூறு படும். உதிலை எங்கை செருகிறது?" பக்கத்தில் ஒரு சின்ன வட்டத் துவாரம் கண்ணில் பட்டது. சிலுவையின் அடி அதற்குள் அளவெடுத்து வெட்டியது போல இறங்கி, நிமிர்ந்து நின்றது. "பார், செய்தவன் இதுக்கெண்டே ஓட்டை விட்டிருக்கிறான்" என்று மாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அது காதில் மாட்டுகிற ஹெட்போனுக்கான துவாரம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவர் குசினிக்குள் போனதும் சிலுவையைப் பிடுங்கி என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிடுங்கும்போது டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நினைவில் வைத்திருங்கள், அண்ணை. அந்த லப்டொப்பிலிருந்து ஒன்பது நாட்களுக்கு நான் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

அன்று பின்னேரம் நீங்களும் மச்சாளும் வீடியோவில் வந்தீர்கள். முகம் தெரிந்தது, வாய் அசைந்தது, குரல் மட்டும் இல்லை. உடனே என் பட்டப்படிப்பு ஒரு முடிவுக்கு வந்தது: எனக்குக் கேட்கவில்லை என்றால் அவர்களுக்கும் கேட்காது. பிள்ளை மூன்று இரவாக நித்திரை கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை, லப்டொப்பின் மூடியிலோ உங்கள் மகள் ஒட்டிய இளஞ்சிவப்புக் குதிரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்துக் கையசைத்தபடியே, பக்கத்தில் இருந்த இவருக்கு நான் சொன்னது இதுதான்:

"சிரியுங்கோவன், அவைக்குக் கேக்காது. தங்கடை பெட்டை பாவிச்சுக் கழிச்சதை எங்கடை தலையிலை கட்டிப்போட்டு, முகத்தைப் பாருங்கோ, கப்பல் வாங்கித் தந்த மாதிரி. மச்சாளின்ரை கன்னம் ரெண்டும் கொழுக்கட்டை மாதிரி ஊதிப்போச்சு."

"வாயை மூடு, றொசா" என்று இவரும் சிரித்தபடியே பல்லைக் கடித்தார்.

நான் மூடவில்லை. "அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வராத ஆள், இப்ப என்ரை பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்க வாறாராம். வந்த மாதிரித்தான்" என்றேன்.

அந்தக் கணமே மச்சாளுடைய முகம் மாறியது. எழுந்து விறுவிறு என்று போய்விட்டார். நீங்கள் என்னை நேராகப் பார்த்து ஒரு விரலால் உங்கள் காதைத் தொட்டீர்கள். ஒருதரம் இல்லை, மூன்றுதரம். இந்தக் காதாலேயே கேட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்வது எனக்கு விளங்கியது. பிள்ளை அழுகிறாள் என்று சைகை காட்டி மூடியை மூடிவிட்டேன். பிள்ளை அழவில்லை. "உனக்குக் கேக்காட்டி அவைக்கும் கேக்காதெண்டு ஆர் சொன்னது? வாய்க்கு வேறை வயர், காதுக்கு வேறை வயர். இதைத்தானே கம்பஸிலை நாலு வருசம் படிச்சனீ?" என்றார் இவர். நான் படித்தது வணிகம் என்று சொல்ல அது நேரமில்லை.

அண்ணை, அப்பா போனபோது உங்களிடம் பயணப் பத்திரம் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாததா? சேமக்காலையில் இவர்தான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மண் போடும்போது, சுவாமியாரின் செபத்துக்கும் மேலாக, அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து நீங்கள் அழுத சத்தம் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றவள் நான். அப்படி நின்ற வாயால்தான் இதைச் சொன்னேன்.

அன்றிரவு நீங்கள் இரண்டுதரம் அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. பிறகு நாலு வொயிஸ் மெசேஜ் வந்தது. நீங்கள் எழுத்து அடிக்கிற ஆள் இல்லையே, எல்லாம் குரல்தான். வியாழனுக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒன்றையும் நான் திறக்கவில்லை. லப்டொப்பில் சத்தம் இல்லை, திருத்திவிட்டுக் கேட்கிறேன் என்று இவரிடம் சாட்டுச் சொன்னேன். "அப்ப போனிலை கேளன்" என்றார். "போனிலை அண்ணையின்ரை குரல் வடிவா விளங்காது" என்றேன். ஒன்பது நாளும் அதையே சொன்னேன்.

ஆனால் திருத்துவதில் நான் சோம்பல்படவில்லை. லப்டொப் உண்மையாகவே பழுது என்று நிரூபித்துவிட்டால் நான் சொன்னதில் கால்வாசியாவது நியாயமாகும் என்று ஒரு கெட்ட ஆசை. நிறுத்தித் திரும்பப் போட்டேன். சத்தத்தை நூறுக்கு ஏற்றினேன். யாரோ ஒரு இந்தியத் தம்பி வீடியோவில் சொன்னபடி சத்தத்துக்கு உரிய மென்பொருளை முழுதாக அழித்து, திரும்ப இறக்கி, இந்த மாத டேட்டா முழுவதையும் முடித்தேன். திரையின் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஹெட்போன் படம் ஒன்று வந்து குந்தியிருந்தது. அதையும் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இவர் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர், லப்டொப்பையும் எஞ்சின் மாதிரித்தான் பார்ப்பார். தூக்கிக் குலுக்கினார், ஓட்டைகளுக்குள் ஊதினார், "எங்கையோ அடைச்சிருக்கு" என்றார். நான் சிரித்தேன், அண்ணை. பட்டதாரிச் சிரிப்பு. மாமிக்கோ பெரிய திருப்தி. "பெரிய வியாழனிலையிருந்து கோயில் மணியே அடிக்கிறேல்லை. உதுக்கும் புத்தி இருக்கு" என்றார்.

பரிசுத்த வாரத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க மாமி விடமாட்டார், புதன்கிழமை போனேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன், கொழுக்கட்டை உட்பட. "அவைக்குக் கேட்டதோ?" என்றார் பாதர் செபநாயகம். "தெரியாது பாதர், சத்தம் வேலை செய்யேல்லை" என்றேன். அந்தப் பக்கமிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவர் இருமினாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு சொன்னார்: "கேட்டாலும் கேக்காட்டியும் சொன்னது சொன்னதுதான், பிள்ளை. மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லு. சொன்னதைச் சொன்னபடி, ஒண்டும் விடாமல், உன்ரை கையாலை அண்ணைக்கு எழுதி அனுப்பு. அதுதான் பரிகாரம்." அருள்நிறை மந்திரத்தை அங்கேயே முழங்காலில் நின்று முடித்துவிட்டேன். மற்றது முடிக்க ஆறு நாள் எடுத்திருக்கிறது.

இன்று மத்தியானம் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு, லப்டொப்பைப் பிள்ளையின் துவாயால் சுற்றி பஸ்ஸில் மானிப்பாய்க்குக் கொண்டுபோனேன். என்னோடு படித்த உதயகலாவை உங்களுக்கு நினைவிருக்கும், உடுவில் பெட்டை, இப்போது மானிப்பாயில் கொம்பியூட்டர் திருத்துகிறாள். அவள் ஒன்றையும் திறக்கவில்லை. திரையில் ஹெட்போன் படத்தைப் பார்த்தாள், பக்கத்துத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்தாள், தன் கைப்பையிலிருந்து புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்து உள்ளே விட்டு, நெல்லுமணி அளவில் ஒன்றை இழுத்து வெளியே வைத்தாள்.

"அடியே றொசாந்தி, இதென்னடி ஓலை?"

நான் சொன்னேன். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "இது உள்ளுக்கை நிண்டால், ஹெட்போன் போட்டிருக்கெண்டு மெசின் நினைக்கும். சத்தம் எல்லாத்தையும் அங்காலை அனுப்பிப்போடும். ஒன்பது நாளா உன்ரை லப்டொப் ஓலைக்குத்தான்டி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கடை வீட்டிலை எண்டால் மேலாலை திருநீறு பூசிப்போட்டு விட்டிடுவம். ஓட்டைக்குள்ளை ஒண்டும் செருகிறேல்லை." பிறகு ஏதோ பாட்டைப் போட்டாள். கடையே அதிர்ந்தது, நான் சத்தத்தை நூறில் விட்டிருந்தேன் அல்லவா. லப்டொப்பில் ஒரு குறையும் இல்லை, அண்ணை. இன்னும் அஞ்சு வருடம் பாவிக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் கடதாசியில் சுற்றிய துண்டைக் கொடுத்தேன். ஏச்சு விழும் என்றிருந்தேன். "மந்திரிச்ச ஓலையைக் குப்பையிலை போடேல்லைத்தானே? வாற வருசம் விபூதிப் புதன் சாம்பலுக்குச் சேத்து எரிப்பம்" என்று வாங்கி வைத்தவர், கொஞ்சம் நின்று, "நான் செருகினதுதான், பிள்ளை. ஆனால் நான் முறிக்கேல்லை" என்றார். இவரோ "அடைச்சிருக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் சாப்பாட்டுக்கு முதல் ஒருதரம், பிறகு ஒருதரம் சும்மா காற்றில் சொன்னார்.

ஆகவே அண்ணை, பழுது லப்டொப்பில் இல்லை. மச்சாளுடைய கன்னத்திலும் இல்லை. மச்சாளிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது, என் சார்பில் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னவளுக்கு இன்னும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளையை நாலு மாதம் வைத்திருப்பது பாவம் என்று மாமி நாளுக்கு ஒருதரம் சொல்கிறார், ஆடி மாதம் அண்ணை வரட்டும் என்று நானும் நாளுக்கு ஒருதரம் சொல்கிறேன். கோபத்தில் நீங்கள் வராமல் விட்டால், திருமுழுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இருந்தால் உங்களைத்தான் நிறுத்தியிருப்பார். நான் வேறு ஒருவரையும் கேட்கமாட்டேன்.

உங்கள் எல்லோரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இவரும் மாமியும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். குதிரை ஒட்டிய மருமகளுக்கு என் முத்தங்கள், குதிரையை நான் உரிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

வாய் நீண்ட தங்கை,
றொசாந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, கையெழுத்தும் போட்டு, உறையைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் எழும்பி வந்தார். "இப்ப லப்டொப்பிலை சத்தம் இருக்குத்தானே?" என்று, நான் மறிக்க முன்னமே உங்கள் முதலாவது வொயிஸை அமத்திவிட்டார். நூறில் வைத்திருந்ததை நான் இன்னும் குறைக்கவில்லை. உங்கள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "தங்கச்சி, நாங்கள் இஞ்சை கத்து கத்தெண்டு கத்துறம், உன்ரை வாய் மட்டும்தான் அசையுது. ஒரு சொல்லும் கேக்கேல்லை. காதைக் காட்டிக் காட்டி எனக்குக் கை நொந்துபோச்சு. மச்சாள் அடுப்பிலை பால் பொங்குதெண்டு ஓடினவா. என்னவோ சிரிச்சுச் சிரிச்சுச் சந்தோசமாச் சொன்னனீ. அதைக் கேக்கத்தான் எனக்குக் குடுத்துவைக்கேல்லை. என்ன சொன்னனீ எண்டு ஒருக்காச் சொல்லு."

அடுத்த இரண்டிலும் அதேதான். வியாழக்கிழமை வந்த கடைசியில், ஆடி பத்தாந்திகதிக்கு ரிக்கற் போட்டாச்சு, பிள்ளைக்குச் சங்கிலி வாங்கியாச்சு, மச்சாள் தெரிவு செய்தது, புதுசு என்கிறீர்கள். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் அந்த ஒரே துவாரம்தான் போல, ஓலைத்துண்டு என் காதை மட்டும் இல்லை, வாயையும் அடைத்திருக்கிறது. மாமியின் ஓலை என்னை ஒன்பது நாள் காப்பாற்றியிருக்கிறது, அது தெரியாமல் எல்லாவற்றையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"கிழிச்சுப் போடு, விசரி" என்றார் இவர். கிழிக்கத்தான் கடதாசியைப் பிடித்தேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் என்று பாதர் சொன்னது நினைவுக்கு வந்தது. சரி, செத்தவீட்டு வரியை மட்டுமாவது கறுப்பாக வெட்டுவோம் என்று பேனையை வைத்தேன். அதை வெட்டினால் நான் மன்னிப்புக் கேட்பது மச்சாளுடைய கன்னத்துக்கு மட்டும்தான் என்று விளங்கியது. வெட்டவில்லை. நான் சிரித்துச் சிரித்துச் சொன்னது இதுதான், அண்ணை. நீங்கள் கேட்டீர்கள், எழுதியிருக்கிறேன்.

விடிய, பிள்ளை எழும்ப முதல் தபாலில் போட்டுவிடுவேன். கிடைத்தவுடன் சுணங்காமல் பதில் போடுங்கோ.